ருக்குமணி யாருங்க

"ரிசல்ட் வர நேரமாகுங்க்கா. கீழ போயி டீ குடிச்சுட்டு வாங்க" என்கிறாள் ரத்தம் எடுத்த பெண். எதற்கு என்னை வெளியே அனுப்பப் பார்க்கிறாள்? நான் டீ குடித்தால் இவளுக்கு என்ன, குடிக்காவிட்டால் இவளுக்கு என்ன? "இருக்கட்டுங் கண்ணு, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளறைக் கதவுக்கு நேரெதிரே இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இங்கிருந்து பார்த்தால் மேசை தெரிகிறது, மேசைமேல் ஸ்டாண்டு தெரிகிறது, ஸ்டாண்டில் என் ரத்தம் தெரிகிறது. மஞ்சள் மூடி போட்ட குழாய். இடது ஓரத்தில் முதலாவது. மெஷினுக்குள் அது போகிறவரைக்கும் நான் எழுந்திருப்பதாக இல்லை. திருப்பூரிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறிப் பல்லடத்துக்கு வந்தது டீ குடிக்கவா? பனியன் கம்பெனியில், ஒறம்பரை வீட்டில், சொந்தத்தில் ஒரு வளைகாப்பு என்று சொல்லி லீவு போட்டிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் கம்பெனிக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்தப் பெண்ணிடம் பேரையே மாற்றிச் சொல்லியிருக்கிறேன். ஒரே காலையில் மூன்று பொய், ஒன்றுக்கொன்று முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துளசிமணி என்று உண்மையைச் சொன்னால் இவர்கள் நான் முதலில் ரத்தம் கொடுத்த பழைய லேபுக்கு ஒரு போன் போட்டு, அங்கே என்ன நம்பர் வந்ததோ அதையே இங்கேயும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இவர்களுக்குள் என்ன பேச்சுவார்த்தை இருக்குமோ யார் கண்டது. அதனால் ஜோதிமணி என்று சொல்வதாகத்தான் பஸ்ஸிலேயே முடிவு செய்து வந்தேன். ஜோதிமணி எனக்கு எதிர் டேபிளில் செக்கிங் பார்க்கிறவள், அவள் பேரைச் சொன்னால் ஒன்றும் கெட்டுவிடாது. "பேரு சொல்லுங்க்கா" என்று இவள் பேனாவைத் திறந்தாள், நான் வாயைத் திறந்தேன், ருக்குமணி என்று வந்து விழுந்துவிட்டது. அவளும் எழுதிவிட்டாள். ருக்குமணி என் அக்கா. அவள் செத்து இருபத்தைந்து வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏன் அந்தப் பேர் வந்தது என்று தெரியவில்லை. என் வாயே என்னிடம் எதையோ மறைக்கிறது போலிருக்கிறது. போகட்டும், பேரில் என்ன இருக்கிறது, செத்தவள் பேரில் ரத்தம் கொடுக்கக்கூடாது என்று சட்டமா இருக்கிறது. குழாய் இன்னும் இடது ஓரத்தில்தான் இருக்கிறது.

முதலில் போன அந்தப் பழைய இடமே எனக்குப் பிடிக்கவில்லை. மேல்மாடியில் டாக்டர், நடுமாடியில் லேப், கீழே மருந்துக்கடை. ஏறும்போது ரத்தம், இறங்கும்போது மாத்திரை, படிக்கட்டு ஒன்றே ஒன்று. மாட்டைச் சந்தைக்குள் ஓட்டிவிடுகிற மாதிரி ஒரே வழியில் விட்டிருக்கிறார்கள். டாக்டர் சின்ன வயசு. என் கழுத்தை அமுக்கிப் பார்த்து, எச்சில் விழுங்கச் சொல்லி, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தைராய்டுங்கம்மா. சாதாரணத் தைராய்டு இல்ல. உங்க ஒடம்புல நோயை எதிர்க்கறதுக்குன்னு ஒரு காவல் இருக்குதில்லீங்களா, அந்தக் காவல்காரன் உங்க தைராய்டு சுரப்பியவே திருடன்னு நெனச்சு அடிச்சுட்டிருக்கறான்." இப்படி ஒரு கதை. காவல்காரன் தப்பாக நினைத்தால் ஒரு நாள் நினைப்பான், இரண்டு நாள் நினைப்பான், வருசக்கணக்காகவா வீட்டுக்காரனைப் போட்டு அடித்துக்கொண்டிருப்பான்? யாரும் தடுக்க மாட்டார்களா? "எதனாலங்க வருது?" என்று கேட்டேன். "காரணம் உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார். "குணமாயிருங்களா?" "அடிக்கறத நிறுத்த முடியாதுங்க. ஆனா சுரப்பி செய்ய வேண்டிய வேலைய இந்த மாத்திரை செஞ்சுரும். தினமும் காலையில வெறும் வயித்துல ஒண்ணு, அப்புறம் அரை மணி நேரத்துக்குக் காபி, டீ எதுவும் கூடாது. வாழ்நாள் பூரா போடோணும்." காரணம் தெரியாது, குணமாகாது, வாழ்நாள் பூராவும் மாத்திரை. ஒரு பையர் வந்து துணிக்கு இப்படி ஆர்டர் போட்டால் எங்கள் முதலாளி அவனை உட்காரக்கூடச் சொல்ல மாட்டார். காபிக்கும் இவருக்கும் என்ன பகையோ. அதோடு, வேலைக்கு வெளி ஆளை வைத்துவிட்டால் உள்ளே இருக்கிற சுரப்பி இருக்கிற கொஞ்ச வேலையையும் விட்டுவிட்டுச் சுத்தச் சோம்பேறி ஆகிவிடாதா? சோம்பேறி. இந்த வார்த்தையில் வந்து நிற்கக்கூடாது. வேறு எதையாவது யோசிக்க வேண்டும். கடைசியாக டாக்டர் ஒரு கேள்வி கேட்டார், "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருந்துதுங்களா?" என்று. அவர் வாயை மூடுவதற்குள் "இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு வேகமாக ஏன் சொன்னேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பேர் சென்னியப்பன், வேறொரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார், இருபது வருசமாகத் தின்ற தட்டைக் கையால் தொட்டுக் கழுவியவர் இல்லை. அன்றைக்கு ராத்திரி தட்டைக் கழுவி வைத்தார். அதற்கப்புறம் தினமும் கழுவுகிறார். டாக்டர் ரூமில் குடையை மறந்துவிட்டேன் என்று மறுபடி உள்ளே போனாரே, அப்போது அந்த ஆள் இவரிடம் தனியாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சும்மா ஒரு ஆம்பளை தட்டைக் கழுவுவானா?

மெஷின் அறையில் ஏதோ சுற்றுகிறது, உர்ரென்று சத்தம். குழாயைக் காணோம். இல்லை, இருக்கிறது, அவள் முழங்கை மறைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் சந்தேகப்படுவது பைத்தியக்காரத்தனம் இல்லை, எனக்குக் காரணம் இருக்கிறது. பழைய லேபில் ரத்தம் எடுத்தவள் என்ன செய்தாள் தெரியுமா. பேர் அடித்த ஸ்டிக்கர்களை முன்கூட்டியே உரித்துத் தன் இடது புறங்கையில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள். ஒரு ஆளுக்கு ஊசி போடுவது, புறங்கையிலிருந்து ஒன்றை எடுத்துக் குழாயில் ஒட்டுவது, அடுத்த ஆள். வேலை வேகமாக நடக்கும், எனக்குத் தெரியாதா? எங்கள் டேபிளில் நாங்களும் அதைத்தான் செய்கிறோம். பனியனை விரித்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்ப்போம். ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போடுவோம். ஒவ்வொரு தடவையும் தாளிலிருந்து உரித்துக்கொண்டிருந்தால் டார்கெட் முடியாது என்று காலையிலேயே நாலைந்து அம்பை உரித்துப் புறங்கையில் ஒட்டிக்கொள்வோம். மத்தியானம் ஆனால் கை வியர்க்கும். அம்பு நழுவும். எங்கோ நல்ல பீஸில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அது நல்ல பீஸ் என்று யார் எடுத்துச் சொல்வது? அம்பு இருந்தால் பெட்டிதான், அயர்ன் பிரிவில் யாரும் அதைத் திரும்பப் பார்க்க மாட்டார்கள். அதுதான் எனக்கும் நடந்திருக்கிறது என்று அந்தப் பெண்ணின் புறங்கையைப் பார்த்த நிமிசமே எனக்குப் பட்டுவிட்டது. எனக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டவள் கழுத்து வீங்கியிருந்தாள், முகம் உப்பியிருந்தாள், அவளுடைய சீக்கு என் பேரில் வந்து ஒட்டிக்கொண்டது. டாக்டரின் காவல்காரன் கதையை அப்படியே ஒப்புக்கொண்டாலும்கூட என் உடம்பு செய்வது காவல் இல்லை, செக்கிங். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு நல்ல பீஸுக்கெல்லாம் சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் டேபிளில் அப்படி ஒருத்தி இருந்தால் மாஸ்டர் அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பியிருப்பார். அதனால்தான் நான் மாத்திரையைப் போடவில்லை. காலையில் வீட்டுக்காரர் வேன் எடுக்கக் கிளம்பியதும் மாத்திரையைக் கொண்டுபோய் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டியில் விரலால் குழி தோண்டிப் புதைத்துவிடுவேன். பத்து மணிக்கு அவர் போன் போட்டு "மாத்திரை போட்டியா புள்ள?" என்று கேட்பார். "போட்டாச்சுங்" என்பேன். கறிவேப்பிலையைத் தினமும் கவனித்து வருகிறேன். இதுவரை சாகவில்லை. தழையவும் இல்லை. இன்றைக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் புதைக்க நேரமில்லை, மாத்திரை சில்லறைப் பர்சுக்குள் கிடக்கிறது.

நான் பேர் கொடுத்தபோது பின்னால் நின்ற வயசான தம்பதி பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவருக்குச் சக்கரை போலிருக்கிறது, சாப்பிட்ட பிறகு எடுக்கிற ரத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த அம்மா என்னையே பார்க்கிறாள். என்ன பார்க்கிறாள்? நான் பேர் மாற்றிச் சொன்னது காதில் விழுந்திருக்குமோ? "ஏனுங் அம்மிணி, இந்த வெயில்ல சால்வையப் போர்த்திட்டு இருக்கறீங்க, காய்ச்சலுங்களா?" என்று கேட்டுவிட்டாள். அப்போதுதான் கவனித்தேன், பங்குனி மாசத்தில் நான் மட்டும்தான் சால்வை போர்த்தியிருக்கிறேன். "ஃபேன் காத்து ஒத்துக்கறதில்லீங்" என்றேன். ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளாமல் போனது எப்போதிலிருந்து? போன தீபாவளியிலிருந்தா, அதற்கு முந்தியா. தலை சீவினால் சீப்பில் முடி உருண்டை உருண்டையாக வருகிறது. குதிகால் வெடித்துக் கிடக்கிறது. மாடிப்படி ஏறினால் தொடையில் மண் மூட்டை கட்டிவிட்ட மாதிரி கனக்கிறது. டேபிளில் பீஸைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பார்த்தேனா பார்க்கவில்லையா என்று மறந்துபோகிறது. போன மாசம் தோள்பட்டையில் ஓட்டையோடு ஒரு பீஸ் என் டேபிளைத் தாண்டிப் போய்விட்டது. மாஸ்டர் அதை விரித்துக் காட்டி "துளசி, நீ பாக்காம விட்டதா இது?" என்று கேட்டபோது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். இதெல்லாம் ஸ்டிக்கர் நழுவியதால் வந்ததா? இல்லை, இதெல்லாம் வயசு. இதெல்லாம் தூக்கம் போதாதது. செல்போனில் ஒருத்தன் சொல்கிறான், இந்த மாத்திரையைப் போட்டால் எலும்பு கரைந்துவிடும், நெஞ்சு படபடக்கும், ஆரம்பித்தால் விடவே முடியாது என்று. இன்னொருத்தி தேங்காயெண்ணெயைத் தினமும் குடித்தால் போதும் என்கிறாள். கடைசியில் அவள் எண்ணெய் பாட்டிலையே காட்டி விற்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி கோஸைத் தொடாதே என்றாள், அவள் நாத்தனாரோ கோஸை மட்டும்தான் தின்கிறாளாம். டாக்டரை மறுபடி போய்க் கேட்டேன். "அளவோட போட்டா எலும்புக்கு ஒண்ணும் ஆகாதுங்க, அளவு சரியான்னு பாக்கத்தான் ஆறு வாரத்துல திரும்ப ரத்தம் எடுக்கச் சொல்றேன்" என்றார். திரும்ப ரத்தம் என்றால் திரும்ப நடுமாடி. யாரைத்தான் நம்புவது? நம்பினால் ஒரே ஒரு ஆள் சொன்னதை நம்ப வேண்டும், அந்த ஆள் யாரென்று கண்டுபிடிக்க எந்த ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது. சால்வையை இழுத்து மூடிக்கொள்கிறேன். அக்காவும் இப்படித்தான் சித்திரை வெயிலில் கம்பளியைக் கேட்பாள். கூடாது, அங்கே போகக்கூடாது. குழாய். குழாயைப் பார்.

குழாயை எடுத்துவிட்டாள். மெஷினுக்குள் வைத்து மூடியும் ஆயிற்று. நடுவில் கை மாறவில்லை, நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இனி பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அதுதான் தொந்தரவு, பார்க்க ஒன்றுமில்லை என்றால் அவள் வந்துவிடுகிறாள். அக்காவைக் காங்கயம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். இரண்டு தடவை கரு தங்காமல் போனது. அதற்கப்புறம் ஒரு நாள் அவள் மாமியாரும் மச்சாண்டாரும் அவளையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டு, "உங்க புள்ளைக்கு ஒடம்பு வளையலீங். விடிஞ்சா எந்திரிக்கறதில்ல, உக்காந்தா உக்காந்த எடம்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடிக்காமல் போனார்கள். அம்மாவுக்கு அந்த மோர்தான் பெரிய அவமானம். அக்கா தூங்கினாள். விடிந்தும் தூங்கினாள், மத்தியானமும் தூங்கினாள், கோயில் நோம்பிக்குக் கொட்டு முழங்கியபோதும் தூங்கினாள். முகம் உப்பியது, புருவ முடி ஓரத்தில் உதிர்ந்தது, குரல் கனத்து ஆம்பளைக் குரலாட்டம் ஆனது. அம்மா "தின்னு தின்னு ஊதறா" என்று சோற்றைக் குறைத்தாள். குறைத்த சோற்றையும் அக்கா பாதியில் வைத்துவிடுவாள், அப்படியும் ஊதினாள், அது எப்படி என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. யாரோ செய்வினை என்றார்கள், கயிறு கட்டினார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டு, "நெசமாலுமே தூங்கறாளா, நடிக்கறாளான்னு பக்கத்துலயே உக்காந்து பாரு சாமி" என்றாள். எனக்கு அப்போது ஏழாம் வகுப்பு. செக்கிங்கில் எனக்கு முதல் வேலை கொடுத்தது எங்கள் அம்மாதான். நானும் உட்கார்ந்து பார்த்தேன். மூச்சைப் பார்த்தேன், இமையைப் பார்த்தேன், கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கோடைக்கால மத்தியானத்தில் அந்தக் கால் தண்ணீர்ப் பானையாட்டம் சில்லென்று இருந்தது. ஓடிப்போய் "அம்மா, அக்கா நடிக்கல, நெசமாத்தாந் தூங்குது, காலெல்லாம் சில்லுன்னு கெடக்குது" என்று சொன்னேன். "உன்னையும் கைக்குள்ள போட்டுட்டாளா" என்றாள் அம்மா. அவ்வளவுதான். நான் பார்த்துச் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் அக்காவே சொன்னாள், கண்ணைத் திறக்காமல், அந்தக் கனத்த குரலில். "எந்திரிக்கோணும்னுதான் துளசி நெனைக்கறேன். முடியமாட்டேங்குது. எல்லாரும் சொல்றாங்கல்ல, நான் சோம்பேறிதானாட்ட இருக்குது." அவளே நம்பிவிட்டாள். அந்த மார்கழியில் ஒரு விடிகாலை அவளை எழுப்ப முடியவில்லை. எழவுக்கு வந்தவர்களில் ஒருத்தி, "போறப்பக்கூடத் தூங்கியே போயிட்டா" என்று சொன்னதும் இரண்டு மூன்று பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு இன்றைக்கும் அந்தச் சிரிப்பின்மேல்தான் கோபம், சாவின்மேல்கூட இல்லை.

போன் அடிக்கிறது. பத்து மணி ஆகிவிட்டதா. "மாத்திரை போட்டியா புள்ள?" "போட்டாச்சுங் மாமா." "ஏன் சத்தமே இல்ல, மெசினெல்லாம் ஓடலையா?" என்கிறார். பார்த்தீர்களா, சந்தேகம். "கரண்டு போயிருச்சுங்" என்று வைத்துவிட்டேன். இத்தோடு ஐந்து பொய். நான் ஏன் இந்த மனுசனிடம் பொய் சொல்கிறேன், அவர் தட்டைக் கழுவியது தவிர என்ன தப்பு செய்தார்? நான் ஏன் அந்த டாக்டரிடம் "இல்லீங்க" என்று அத்தனை அவசரமாகச் சொன்னேன்? புறங்கையில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நிஜத்தைச் சொன்னால் அவள் கையைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஒரு ஓட்டை கிடைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன். அந்த ஓட்டை வழியாக நுழைந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன். எனக்கு எலும்பு கரைவதைப் பற்றிப் பயமில்லை. நெஞ்சு படபடப்பதைப் பற்றிப் பயமில்லை. வாழ்நாள் பூராவும் ஒரு மாத்திரை போடுவதற்கு என்ன பயம், வாழ்நாள் பூராவும் சோறு தின்னவில்லையா. எனக்கு இருப்பது உண்மை என்றால் அக்காவுக்கு இருந்ததும் இதுதான். அதுதான் பயம். ரத்தத்தை எடுத்துக் குழாயில் ஊற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால், அம்மா குறைத்த சோறு, கட்டின கயிறு, அந்த மோர், அந்தச் சிரிப்பு எல்லாம் எங்கே போய் நிற்கும்? அம்மா இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள், தம்பி வீட்டில், காது கேட்காமல். இப்போது இந்த மெஷின் என்னைத் தப்பென்று சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் ஸ்டிக்கர் செய்த கோளாறு என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அக்கா மறுபடி வெறும் சோம்பேறி ஆகிவிடுவாள். அதையும் நான் விரும்பவில்லை. எதை விரும்பிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை. எச்சில் விழுங்கிப் பார்க்கிறேன், டாக்டர் விழுங்கச் சொன்ன மாதிரியே.

"ருக்குமணி. ருக்குமணி யாருங்க?" யாரையோ கூப்பிடுகிறார்கள். எத்தனை வருசமாயிற்று அந்தப் பேரை யாராவது சத்தமாகக் கூப்பிட்டுக் கேட்டு. வீட்டில் நாங்கள் அந்தப் பேரைச் சொல்வதே இல்லை. பக்கத்து அம்மா என் முழங்கையைத் தொட்டாள். "அம்மிணி, உங்களத்தானுங்க. வந்தப்ப அந்தப் பேருதான சொன்னீங்க?" என்னைத்தான். எழுந்தேன், சால்வை நழுவி விழுந்தது, எடுக்கவில்லை. ரத்தம் எடுத்த பெண் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், முகத்தில் சிரிப்பு இல்லை. "அக்கா, டாக்டர்கிட்ட இன்னைக்கே காட்டிருங்க. தைராய்டு டெஸ்ட்டு ரெண்டுலயுமே நம்பரு நெம்ப எச்சா, அளவுக்கு மேல இருக்குது. இத்தனைய வச்சுக்கிட்டு எப்படிங்க்கா நடமாடறீங்க?" நான் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். "நெம்ப நாளாவே அசதியா இருந்திருக்குமே. குளுருமே. தூக்கந் தூக்கமா வந்திருக்குமே. ஊட்ல யாரும் கூட்டிட்டுப் போகலீங்களா?" அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். ருக்குமணி என்று நினைத்துக் கேட்டாள். "இல்ல கண்ணு" என்றேன். "ஏனுங்க்கா?" "சோம்பேறின்னு நெனச்சுட்டாங்க." அவள் தலையை ஆட்டினாள். "அது சோம்பேறித்தனம் இல்லீங்க்கா, சீக்கு. மாத்திர எழுதிக் குடுப்பாங்க, போட்டீங்கன்னா கொஞ்சங் கொஞ்சமா எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சுருவீங்க." "எத்தன மாத்திரை?" என்று கேட்டேன், தெரியாத மாதிரி. "ஒண்ணே ஒண்ணுதானுங்க. சின்னதா இருக்கும்." "ஒண்ணேதானா?" "ஒண்ணேதானுங்க்கா." அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னால், சால்வைகூட இல்லாமல், வாய்விட்டு அழுதேன். அந்தப் பெண் பயந்துவிட்டாள், "இதெல்லாம் பெரிய சீக்கில்லீங்க்கா, அழுகாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் "என்னங்க்கா கை இப்படிச் சில்லுன்னு இருக்குது" என்றாள். பிறகு தாளை நீட்டி, "பேரு, வயசு சரியான்னு ஒருவாட்டி பாத்துக்குங்க, அப்புறம் மாத்த முடியாது" என்றாள். பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும், பீஸைப் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். வயசு என்னுடையது. ரத்தம் என்னுடையது. "எல்லாஞ் சரியா இருக்குது கண்ணு" என்றேன்.

மூலையில் தண்ணீர் கேன் இருந்தது. பர்சைத் திறந்து, சில்லறைக்கு நடுவில் கிடந்த மாத்திரையை எடுத்து, ஒட்டியிருந்த தூசியை ஊதிவிட்டு வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். கசக்கக்கூட இல்லை. பக்கத்து அம்மா என் சால்வையை எடுத்து மடித்து மடியில் வைத்திருந்தாள், கொடுத்தாள். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "மாமா, மாத்திரை போட்டுட்டேன்." "அதான் அப்பவே சொன்னியே." "அது பொய்யிங். இத்தன நாளுஞ் சொன்னதெல்லாம் பொய்யிங். இப்பத்தான் போட்டேன்." அந்தப் பக்கம் வேன் இன்ஜின் நின்றது. அவர் கோபப்படுவதற்குள் மீதியையும் சொல்லிவிட வேண்டும். "அன்னைக்கு டாக்டர் கேட்டாருல்லீங், குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருந்துதான்னு. நான் இல்லைன்னு தப்பாச் சொல்லிட்டனுங். அடுத்தவாட்டி போறப்ப சொல்லோணும். எங்கக்காவுக்கு இருந்துச்சு." "எந்த அக்கா?" என்றார். கல்யாணமாகி இருபது வருசத்தில் நான் அவரிடம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "ருக்குமணின்னு எங்கக்கா ஒருத்தி இருந்தாங்க" என்றேன். "ஊட்டுக்கு வந்து சொல்றனுங்." கீழே டீக்கடையில் பால் பொங்குகிற வாசம் மாடிவரைக்கும் வருகிறது. அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.